இழவு முறை

சென்னிமலையின் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. கோபம் அங்கேயே தொடங்கிவிட்டது.

முருங்கைக் காட்டில் சேறு எப்படி வரும்? சொட்டுநீர் டியூப் போட்டதிலிருந்து மரத்தடியில் ஒரு வட்டல் அகலத்துக்கு மண் நனையும். மற்ற இடமெல்லாம் காலைச் சுடும் செம்மண்தான். அதுவும் இது பூவெடுக்கிற சமயம். பூவில் நிற்கிற முருங்கைக்குத் தண்ணீர் மிஞ்சினால் பூ நிற்காது. இதோ கொட்டிக் கிடக்கிறது, மரத்தடி முழுக்க, பொரி இறைத்த மாதிரி.

செருப்பைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு காட்டைச் சுற்றி வந்தார். டியூப் எங்கேயும் உடையவில்லை. சொட்டு விழ வேண்டிய துளையிலெல்லாம் தண்ணீர் நூல் பிடித்தாற்போல வந்துகொண்டிருந்தது. போனை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அவருக்குப் பொழுது போய்விடும், அதனால் படத்தை மட்டும்தான் பார்ப்பார். தண்ணீரில் அவருடைய பங்கு ஒரு நீலக் கட்டம். இன்றைக்கு அதை ஒட்டி இன்னும் மூன்று கட்டங்கள் நின்றன. சாமியாத்தாள் பங்கு, ராக்கியண்ணன் பங்கு, நாச்சிமுத்து பங்கு. மூன்று பேர் முறையும் அவர் காட்டில் பாய்ந்துகொண்டிருந்தது.

அவருக்குக் காது மடல் சூடானது.

மூன்று பேர் சேர்ந்து ஒருத்தனுக்கு முறையை விட்டுக்கொடுப்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். அவன் வீட்டில் இழவு விழுந்திருக்க வேண்டும்.

நாலு பேரும் ஒரே கிணற்றில் பங்கு வைத்திருந்த காலத்திலிருந்து வருகிற வழக்கம் அது. சாவு விழுந்த வீட்டார் கருமாதி முடிகிறவரை மண்வெட்டியைத் தொடமாட்டார்கள். மற்ற பங்குதாரர்கள் தங்கள் முறையை அந்தக் காட்டுக்குத் திருப்பிவிடுவார்கள். யாரும் கேட்பதில்லை, யாரும் நன்றி சொல்வதில்லை. தண்ணீர் பாய்கிற பக்கம் சாவு வீட்டார் முகத்தைக்கூடத் திருப்பக் கூடாது. வரப்புக்கு வரப்பு வெட்டிக்கொள்கிற பங்காளிகளும் இதை மட்டும் தவறவிட்டதில்லை. பாசத்தில் செய்தது என்று சென்னிமலை நினைத்ததில்லை. நாளைக்கு நம் வீட்டிலும் விழும் என்கிற பயத்தில் செய்தார்கள். கிணற்றுக் காலத்திலும் அவன் அவன் திருடிக்கொண்டுதான் இருந்தான், அவர் உள்பட.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அழுத்தக் குழாய்த் திட்டம் வந்தது. மூன்று தாலுகாவுக்கும் சேர்த்து ஒரே குழாய். கிணற்றுக்கெல்லாம் கான்கிரீட் மூடி போட்டு சீல் வைத்தார்கள். எந்தக் காட்டுக்கு எப்போது எவ்வளவு என்பதை ஒரு இயந்திரம் முடிவு செய்தது. அதற்கு வாயில் நுழையாத பேர் ஒன்று உண்டு. ஊரில் எல்லாரும் மண்டை என்பார்கள். ஒருவர் பங்கை இன்னொருவருக்குக் கொடுக்க போனில் இரண்டு கை சேர்ந்த மாதிரி ஒரு படம் வைத்திருந்தார்கள். தாராபுரத்துக்கு மேற்கே ஒரு பயலும் அந்தப் படத்தைச் சும்மா அமுக்கியதில்லை. இழவுக்குத்தான் அமுக்குவார்கள்.

அதைத்தான் எவனோ, உயிரோடு நிற்கிறவனுக்கு அமுக்கியிருக்கிறான். வாயால் திட்டியிருந்தால்கூட இத்தனை அசிங்கம் இல்லை.

எவனோ என்ன எவனோ. நாச்சிமுத்துதான்.

நாச்சிமுத்து அவருடைய சின்னப்பன் மகன். தாத்தன் கட்டின ஒரே ஓட்டு வீட்டின் நடுவில் சுவர் வைத்து ஆளுக்குப் பாதியாக இருந்தார்கள். வீட்டுக்குக் குழாய் வந்தபோது நாச்சிமுத்து பாதிக்குப் போகிற பள்ளம் சென்னிமலை வாசலைக் கடந்துதான் போயாக வேண்டியிருந்தது. "என்ற வாசல்ல கடப்பாரை பட்டா ரத்தம் பாத்துருவேன்" என்றார் இவர். "அவன் வாசல் வழியா வர்ற தண்ணியக் குடிக்கறதுக்கு மாட்டுக் கழனித் தொட்டியில வாய வைப்பேன்" என்றான் அவன். குழாய்க்காரர்கள் இரண்டு நாள் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள். அதற்கப்புறம் எப்படியோ அவன் வீட்டிலும் தண்ணீர் வந்தது. பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றிக் கொண்டுபோயிருப்பார்கள் என்று சென்னிமலை நினைத்துக்கொண்டார். ஜெயித்தாயிற்று, அவ்வளவு போதும். அன்றைக்கு நின்ற பேச்சு.

இன்றைக்கு அவர்தான் தொடங்கினார்.

"ஏண்டா, நான் செத்துட்டன்னு உனக்கு எவண்டா சொன்னான்?"

நாச்சிமுத்து சின்ன வெங்காயக் காட்டில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் தண்ணீர் பாட்டில். ஒரு கால் பெருவிரலில் பழைய வேட்டித் துணி சுற்றியிருந்தது. நிமிர்ந்து பார்த்தவன் அவசரமே படவில்லை.

"அட, நீங்களே வந்துட்டீங்களா. நானும் அதத்தான் கேக்கலாம்னு இருந்தேன். வீட்டுல என்ன எழவுன்னு என்ற தண்ணிய உருவிக்கிட்டீங்க?"

"நா உருவுனனா? நீ அமுக்கியிருக்கற."

"நா எதுக்கு அமுக்கறேன்? நீங்க நெசமாவே செத்தாலும் நா ரெண்டு நாளு யோசன பண்ணித்தான் அமுக்குவேன்." பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தான். "வெங்காயத்தப் பாருங்க. தாளு மஞ்சக் கட்டிப் படுத்துக் கெடக்குது. நேத்துப் பொழுதோட பாய வேண்டிய தண்ணி வரல. ரெண்டு நாளு இப்படிப் போனா உரிச்சுப் பாக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது."

சென்னிமலை வெங்காயத் தாளைப் பார்த்தார். அவன் சொன்னது பொய் இல்லை. தன் காட்டை வாட விட்டு அடுத்தவனை அவமானப்படுத்துகிற ஆளும் இல்லை அவன். அத்தனை பெரிய மனசெல்லாம் அவனுக்குக் கிடையாது.

"அப்ப யாரு?"

"அந்த மண்டையத்தான் போய்க் கேளுங்க. நம்மள எதுக்குக் கேக்கறீங்க? கால்ல முள்ளு ஏறி நடக்க முடியாமக் கெடக்கறேன்."

*

நாலு ரோட்டில் வால்வுகளும் ஃபில்டர் தொட்டிகளும் இருக்கிற கட்டடத்துக்குப் பிரஷர் ரூம் என்று பேர். மெர்சி என்கிற நாகர்கோவில் பொண்ணு அங்கே வேலை பார்த்தது. வந்து ஒரு வருஷம் ஆகிறது. மரியாதையாகப் பேசும், அதனாலேயே சென்னிமலைக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. மரியாதையாகப் பேசித்தான் கிணற்றையும் மூடினார்கள்.

மெர்சி திரையைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, மறுபடியும் திரையைப் பார்த்தது.

"உக்காருங்க ஐயா."

"உக்காந்தாத்தான் சொல்லுவியா?"

"யாரும் அமுக்கல ஐயா. அதுவா எடுத்துக் கொடுத்திருக்கு."

"அதுக்கு யாரு அதிகாரம் குடுத்தது?"

மெர்சி நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டது. "ஐயா, இந்தக் குழாய்ல எல்லா நேரமும் ஒரே அழுத்தம் இருக்கணும். எங்காவது திடீர்னு குறைஞ்சா கடைசிக் காடு வரைக்கும் சொட்டு நின்னுபோகும். ஒரு வீட்டுல சாவுன்னா நீங்க எல்லாரும் ஒரே நேரத்துல ஒரு காட்டுக்குத் தண்ணியத் திருப்புறீங்க. மூணு தாலுகாவுலயும் இப்படித்தான். ஒவ்வொரு தடவையும் அழுத்தம் அடி வாங்குது. அதனால அது முன்கூட்டியே தயார் பண்ணப் பாக்குது."

"எதுக்கு முன்கூட்டி?"

"நீங்க விட்டுக்கொடுக்கறதுக்கு முன்னால."

"நாங்க சாவுக்குத்தான் விட்டுக்குடுப்போம்."

சென்னிமலைக்குப் படிப்பு இல்லையே தவிர புத்தி இருந்தது.

"அப்ப, சாவு வரப்போகுதுன்னு அதுக்குத் தெரியுதா?"

"சாவுன்னா என்னன்னு அதுக்குத் தெரியாது ஐயா. தண்ணிதான் தெரியும். ஆறு வருஷமாப் பாத்திருக்கு. எந்த வீட்டுக்கு எல்லாரும் விட்டுக்கொடுக்கறாங்களோ, அந்த வீட்டு லைன்ல அதுக்கு முன்னாலயே தண்ணி புழங்கறது மாறுது. குளிக்கற தண்ணி குறையுது. சமையல் தண்ணி குறையுது. ராத்திரில அடிக்கடி திறக்கறாங்க, மூடறாங்க. உங்க வீட்டு லைன்ல ராத்திரி ரொம்ப ஓடுது ஐயா."

"நாங்க கக்கூசுக்குப் போறத எண்ணிக்கிட்டா உக்காந்திருக்குது?"

"எண்ணணும்னு யாரும் சொல்லல. அதுவா..."

"அதுவா, அதுவான்னா எதுக்குப் பொண்ணே நீ சம்பளம் வாங்கற?"

அது தலையைக் குனிந்துகொண்டது. அழுதுவிடுமோ என்று பார்த்தார். அழவில்லை.

"வேற ஊர்லயும் இப்படிக் குடுத்திருக்குதா?"

"குடுத்திருக்கு."

"பலிச்சுதா?"

"அதப் பேசக் கூடாதுன்னு மேல இருந்து சொல்லியிருக்காங்க ஐயா."

"பலிச்சிருக்குது, அப்படித்தான."

மெர்சி கண்ணைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டது.

"ஆரு? நானா, என்ற பொண்டாட்டியா? வீட்டுல ரெண்டே பேருதான்."

"ஆளு தெரியாது ஐயா. வீடுதான் தெரியும். தயவு செஞ்சு ரெண்டு பேரும் ஆஸ்பத்திரில காட்டிடுங்க."

"இந்தத் தண்ணிய நிறுத்து மொதல்ல. என்ற பூவெல்லாம் கொட்டுது."

"என்னால முடியாது. மேல எழுதிட்டேன், பதில் வரல. கருமாதி முடிஞ்ச மறுநாள் தானா நின்னுடும்."

"யாரு கருமாதி?"

மெர்சி நாக்கைக் கடித்துக்கொண்டது.

"சாகாம இருந்தா?"

"ஓடிக்கிட்டே இருக்கும் ஐயா."

*

வீட்டுக்கு வந்து பூவாத்தாளைப் பார்த்தார். இத்தனை வருஷம் அப்படிப் பார்த்ததில்லை. பொம்பளை மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். கை கொஞ்சம் மெலிந்திருக்கிறதோ? முகம் கறுத்திருக்கிறதோ? எப்போது எது எப்படி இருந்தது என்று ஒரு பாவியும் நினைப்பு வைத்துக்கொள்வதில்லை.

"என்னத்துக்கு இப்படி முழிக்கறீங்க?"

"ராத்திரி நீ அடிக்கடி எந்திரிக்கறயா?"

"படுத்தா விடியறது தெரியாது எனக்கு. உங்க குறட்டைதான் கூர ஓட்டப் பேக்குது. ஏனுங்க?"

"ஒண்ணுமில்ல. நாளைக்குத் தாராபுரம் போலாம். எனக்கு நெஞ்செரிச்சலா இருக்குது."

அவளிடம் மறைத்து என்ன செய்ய. தன் தண்ணீர் எங்கே போயிற்று என்று கேட்கப் போன சாமியாத்தாளுக்கும் மெர்சி உள்ளதைச் சொல்லியிருந்தது. சாமியாத்தாள் தாலி அறுத்தவள், காடும் வாயும் அவளுக்குச் சொந்தம். பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பூவாத்தாள் மெதுவாகச் சொன்னாள். "நெஞ்செரிச்சல்னு எதுக்கு பொய்யி? நானாத்தான் இருக்கும்னு பயந்துட்டீங்க."

"அப்படியெல்லாம் இல்ல."

"நா போயிட்டா சோறு ஆக்க ஆளில்ல. அந்தப் பயந்தான."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அவருக்கு இன்னும் கோபம் வந்தது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், நெஞ்சில் ஒயரை ஒட்டினார்கள். டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ரெண்டு பேருக்கும் வயசுக்கு மீறின சீக்கு ஒன்றும் இல்லை என்றார். "உங்களுக்குத்தான் கொஞ்சம் பிரஷர் இருக்கு."

"அது எனக்கில்லீங்க, குழாய்க்கு" என்றார் சென்னிமலை. டாக்டருக்குப் புரியவில்லை.

நல்ல சேதிதான். ஆனால் ஊருக்கு அது நல்ல சேதியாக இல்லை.

முதல் வாரத்தில் எல்லாரும் மரியாதையாக இருந்தார்கள். டீக்கடையில் காசு வாங்க மறுத்தான். எதிரில் வந்தவன் ஒதுங்கி நின்றான். பந்தல் போடுகிறவன் வாசலில் வண்டியை நிறுத்தி, "சும்மா பாத்துட்டுப் போலாம்னு" என்று வாசலின் அகலத்தைக் கண்ணால் அளந்துவிட்டுப் போனான். கந்தவேல் என்கிற நில புரோக்கர் வெள்ளைச் சட்டையில் வந்தான். தண்ணீர் எந்தக் காட்டுக்குச் சேருகிறது என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் இப்போதெல்லாம் அவன் தொழில்.

"அவசரமே இல்லீங்க மாமா. எல்லாக் காரியமும் முடிஞ்சப்பறம் ஓசூர்ல இருக்கற உங்க பையன் எங்கிட்டப் பேசுனாப் போதும்."

"உம்பட காட்டுக்கு இன்னும் தண்ணி வரலயா?"

"எனக்குக் காடு இல்லீங்களே மாமா."

"அதான். உனக்கு எப்ப வருதுன்னு தெரியாமயே போயிரும். எந்திரி."

இரண்டாம் வாரத்தில் மரியாதை தேய ஆரம்பித்தது. மூன்று குடும்பத்துத் தண்ணீர் இங்கே சேறாகிக்கொண்டிருந்தது. ராக்கியண்ணன் நல்ல மனுஷன், முருங்கை ஏற்றுகிற டெம்போ வைத்திருந்தான், யாரையும் எடுத்தெறிந்து பேசமாட்டான். அவனே வந்து வாசலில் நின்று துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "அண்ணா, ஒடம்பு எப்படி இருக்குது" என்றான். நல்லாயிருக்கிறது என்றதும் அவன் முகத்தில் ஒன்று வந்துபோனது. அது சந்தோஷமில்லை. அவனுக்கே அது தெரிந்து வெட்கப்பட்டுப் போய்விட்டான்.

சாமியாத்தாளுக்கு வெட்கமெல்லாம் கிடையாது.

"பூவாத்தா, கேக்கறேன்னு தப்பா நெனைக்காத. ஏதாச்சும் ஒரு முடிவு தெரிஞ்சாத் தேவல. மஞ்சக் காடு காஞ்சு கெடக்குது எனக்கு."

"நாங்க என்னக்கா பண்ணோணும்? வெசத்தக் குடிக்கோணுமா?"

"நா அப்படிச் சொன்னனா சாமீ?"

"வேற எப்படிச் சொன்னீங்க?"

உள்ளே கட்டிலில் படுத்திருந்த சென்னிமலை எழுந்து வந்தார். "ஏ சாமியாத்தா. உன்ற புருசன் போனப்ப நா ரெண்டு வாரம் உன்ற காட்டுக்குத் தண்ணி கட்டினேன். சாகறதுக்கு முன்னால ஒரு நாளாச்சும் அவனுக்கு நா ஒரு வாளி குடுத்திருப்பனா? இல்ல. நீ எனக்குக் குடுத்திருப்பியா? இல்ல. செத்தாத்தான் குடுப்போம்னு அந்த மண்டைக்குக் கத்துக் குடுத்ததே நாமதான். இப்ப அது எங்களச் செத்த கணக்குல எழுதுதுன்னா எங்களக் கேக்காத."

சாமியாத்தாள் போய்விட்டாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நாச்சிமுத்துவின் குரல் வந்தது. பொண்டாட்டி போய் அவன் தனிக்கட்டை, பேச்சுத்துணைக்குச் சுவர்தான்.

"குரலு கணீர்னு இருக்குதுங்களே அண்ணா. இன்னும் நாளாகும் போல."

"உன்ற வெங்காயத்தத் தின்னுட்டுத்தாண்டா போவேன்."

"வெங்காயம் எங்க இருக்குது திங்கறதுக்கு" என்றது சுவர். அப்புறம் இருமியது.

அன்றைக்குத்தான் சென்னிமலை முடிவெடுத்தார். அவருக்கு அது பெரிய யோசனை ஒன்றுமில்லை, வெறும் கோபம்தான். வீட்டு லைனில் ஓடுகிற தண்ணீரை வைத்துத்தானே எண்ணுகிறது? லைனே இல்லாவிட்டால் எதை எண்ணும்? குடிக்கத் தண்ணீர் லாரியில் வாங்கிக்கொள்ளலாம். கொல்லைக்குப் போக வேலிக்காடு இருக்கிறது. காலையில் எழுந்ததும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய், வாசல் மூலையில் இருந்த வீட்டு வால்வை இறுக்கி மூடி, கைப்பிடியையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

"எண்ணுடா இப்ப" என்றார் வால்வைப் பார்த்து.

ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை.

"எவண்டா அது தண்ணிய நிறுத்துனது?" சுவருக்கு அந்தப் பக்கம் நாச்சிமுத்து கத்தினான். "சோப்புப் போட்டுட்டு நிக்கறேன். ஏ, தொறந்து உடுங்கடா."

சென்னிமலை ஸ்பேனரோடு நின்றார்.

அவன் வீட்டு லைன் பின் சந்தில் அல்லவா வருகிறது. அதற்கும் இந்த வால்வுக்கும் என்ன?

குளியலறைக்குப் பின்னால் போனார். சுவர் ஓரம் தென்னமட்டை அடுக்கியிருந்தது. குழாய் போட்ட வருஷம் அடுக்கியது, அதற்கப்புறம் யாரும் தொடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து எறிந்தார். பூவாத்தாள் எட்டிப்பார்த்து, பாம்பா என்றாள். அடியில், நடுச்சுவரின் காலில், கட்டைவிரல் தடிமனில் ஒரு பிவிசி பைப். குழாய்க்காரன்கள் அவருடைய லைனில் ஒரு டீ இணைப்புப் போட்டு, சுவரில் ஓட்டை குடைந்து, அந்தப் பக்கம் தள்ளியிருந்தான்கள். ரெண்டு கிறுக்கன்களிடம் மல்லுக்கட்ட முடியாமல் செய்துவிட்டுச் சொல்லாமல் போயிருக்கிறான்கள். ஆறு வருஷமாக நாச்சிமுத்து அவர் வீட்டுத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தான். மண்டைக்கு அது ஒரே வீடு.

ராத்திரி அடிக்கடி திறக்கிறார்கள், மூடுகிறார்கள்.

சென்னிமலை அப்படியே தென்னமட்டைமேல் உட்கார்ந்தார். அந்தப் பாட்டில் நினைவுக்கு வந்தது. எப்போது பார்த்தாலும் பாட்டிலும் கையுமாக. இடுப்பில் நிற்காத வேட்டியை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டு. இரண்டு வாரமாக ஆறாத முள்ளு. கண்ணெதிரே இருந்தது எல்லாம். அவன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று வைராக்கியம் வைத்திருந்தால் எப்படித் தெரியும். தன் சாவுக்கான தண்ணீரைத் தன் காட்டிலிருந்தே உருவிக் கொடுத்துவிட்டு, இன்னும் போகவில்லையா என்று அடுத்தவனைக் கேட்டுக்கொண்டிருக்கிறான், முட்டாப்பயல்.

யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அதுதான் பெரிய கோபமாக இருந்தது.

கைப்பிடியை மாட்டி வால்வைத் திறந்துவிட்டு, சுற்றிக்கொண்டு போய் நாச்சிமுத்துவின் வாசலில் ஏறினார். ஈரத்தலையோடு அவன் கதவைத் திறந்தான். வாய்ச்சண்டைக்குத் தயாராகத்தான் வந்தான். இவர் கண் நேராக அவன் காலுக்குப் போனது. துணி அவிழ்ந்திருந்தது. விரல் நுனி கருநாவல்பழம் மாதிரி இருந்தது.

"அது வலிக்குதா?"

"வலியே இல்ல. மரத்துப்போச்சு. உங்களுக்கென்ன வந்துது?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். மனசில் பட்டதைப் படீரென்று சொல்லியே பேர் வாங்கிய வாய். ஆனால் பந்தல்காரன் கண் நினைவுக்கு வந்தது. கந்தவேலின் வெள்ளைச் சட்டை, ராக்கியண்ணன் முகத்தில் வந்துபோன அது. அந்தக் கண்களையெல்லாம் இந்தத் தனிக்கட்டைமேல் திருப்பிவிட்டால், ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் இவன் முடிந்துபோவான்.

"நாச்சிமுத்து, எனக்கு முடியல."

அவன் முகம் மாறியது.

"நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுது. அந்த மண்டை சொன்னது நெசந்தான் போல. தாராபுரம் போகோணும். பூவாத்தாளக் கூட்டிட்டுப் போனா ஆஸ்பத்திரி வாசல்லயே அழுது வைப்பா. நீ கூட வாடா."

பேச்சில்லாத பங்காளியானாலும் சாகப்போகிறவன் கூப்பிட்டால் மறுக்க முடியாது. அது இழவு முறையைவிடப் பழைய வழக்கம். நாச்சிமுத்து உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்தான்.

ராக்கியண்ணன் டெம்போவை எடுத்தான். முன்னால் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சாமியாத்தாள் வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். பார்க்கட்டும்.

ஊர் எல்லை தாண்டியதும் நாச்சிமுத்து மெதுவாகக் கேட்டான். "ரொம்ப வலிக்குதுங்களா அண்ணா?"

"வலிக்குது."

"டாக்டருகிட்டப் போனதும் மொதல்ல..."

"போனதும் மொதல்ல உனக்குத்தான் ரத்தம் எடுக்கச் சொல்லுவேன்."

"எனக்கெதுக்கு?"

"கூட வர்றவனுக்கும் எடுப்பாங்களாமா. எனக்கு அவசரத்துக்கு ரத்தம் வேணும்னா யாரு குடுக்கறது? அந்தக் காலையும் காட்டு. சும்மாத்தான வர்ற."

நாச்சிமுத்து அவரை ஒரு மாதிரி பார்த்தான். பாட்டிலைத் திறந்து குடித்தான். பாதி காலியானது.

சென்னிமலை போனை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டார். நாலு நீலக் கட்டங்கள். அவருடைய சொந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்து, நாச்சிமுத்து காட்டுப் பக்கம் இழுத்தார். ரெண்டு கை சேர்ந்த படம் வந்தது. அதை அமுக்கினார். ஒரு தடவைக்கு ரெண்டு தடவை அமுக்கினார், அந்தச் சனியனை நம்ப முடியாது. அந்தப் படத்தை யாராவது உயிரோடிருக்கிறவனுக்கு அமுக்குவது அதுதான் முதல் தடவை. மண்டை இதை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்துக்கொள்கிறதோ, சேர்த்துக்கொள்ளட்டும்.

நாச்சிமுத்துவின் சட்டைப் பையில் போன் மணியடித்தது. எடுத்துப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டேயிருந்தான்.

"எனக்கு எதுக்கு உட்டீங்க?"

"வெங்காயம் வாடுதுன்னயே."

"எனக்கு எதுக்குண்ணா?"

அவன் குரலில் கேலி இல்லை. கண் தன் கால் விரலுக்குப் போய் வந்தது. சென்னிமலை ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து போனைப் பையில் போட்டுக்கொண்டான். முகத்தை மெதுவாகத் திருப்பி, தண்ணீர் பாய்கிற தன் காடு இருக்கிற திசைக்கு முதுகைக் காட்டி, ஜன்னலில் சாய்ந்துகொண்டான்.

"ஏண்டா ராக்கியண்ணா, வண்டிய ஓட்டறயா, உருட்டறயா?" என்றார் சென்னிமலை. "முடுக்கிப் போடா."